வண்ணம் தீட்டிய பெட்டி

வெண்கலச் சிலையின் கையில் விரிந்திருந்த புத்தகத்தின் மேல் யாரோ ஒரு சூயிங்கம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மஞ்சள் உறை. இரவெல்லாம் பெய்த மழையில் உறை ஊறிப்போய் வெண்கலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை, தொடவும் இல்லை. வைத்தவர் யார் என்று தெரியாது. ஆனால் என்னைப் போல ஒரு வாசகர் என்பது மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை அது. நான் வேலை நிமித்தம் குடியிருக்கும் போர்ட்லாந்து பக்கத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் காரோட்டினால் யூஜீன் நகரம் வரும். அங்கே வில்லாமெட் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் மூலையில், கேசி சதுக்கம் என்று எல்லோரும் சொல்லும் சிறிய திடலில், நாவலாசிரியர் கென் கேசி தன் பேரக் குழந்தைகள் மூவருக்குக் கதை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2003-இல் வைத்த சிலை.

சூயிங்கத்தின் கதை இதுதான். 1962-இல் வெளியான அவருடைய முதல் நாவல் 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்'. ஒரு மனநல மருத்துவமனை வார்டில் நடக்கும் கதை. அதைச் சொல்பவன் சீஃப் பிராம்டன் என்னும் பூர்வகுடி ஆள். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், பல ஆண்டுகளாகச் செவிடனாகவும் ஊமையாகவும் நடித்துக்கொண்டு துடைப்பத்தோடு வார்டைச் சுற்றிவருகிறவன். அவனுக்குக் காது கேட்காது என்று நம்பி எல்லோரும் அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசுகிறார்கள். ஓர் இரவு, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மக்மர்ஃபி அவனிடம் ஒரு ஜூசி ஃப்ரூட் சூயிங்கத்தை நீட்டுகிறான். அதை வாங்கிக்கொண்டு, இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, சீஃப் வாய் திறக்கிறான். சொல்வது ஒரே ஒரு சொல்: நன்றி.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குப் படையல் போடும்போது அவருக்குப் பிடித்ததைத் தேடி வைப்பார்கள். சுருட்டோ, வெற்றிலையோ, அதிரசமோ. அந்த ஈரச் சூயிங்கத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

2001 நவம்பரில் நான் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தேன். தீபாவளி நெருங்கிய வாரம், பாதி அறைகள் காலி. வரவேற்பு மேசையில் கிடந்த ஆங்கில நாளிதழைப் புரட்டியபோது வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் அடியில் ஒற்றைப் பத்திச் செய்தி கண்ணில் பட்டது. கென் கேசி, 66, கல்லீரலில் கட்டி அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு யூஜீன் மருத்துவமனையில் நவம்பர் 10 அன்று காலமானார். பக்கம் முழுக்க ஆப்கானிஸ்தான் போர்ச் செய்திகள். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெயரை அந்த மேன்ஷனில் அறிந்தவர் வேறு யாரும் இல்லை. எனக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. கீழே இறங்கி எஸ்டிடி பூத்துக்குப் போய் மேட்டூருக்கு, அத்தை வீட்டுக்கு, போன் போட்டேன்.

"அத்தை, அந்தக் கதை எழுதினவர் போய்விட்டார்."

"எந்தக் கதை, கண்ணு?"

"ஊமையாக நடித்தவன் கதை. ஆஸ்பத்திரிக் கதை."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "எத்தனை வயது?" சொன்னேன். "பிள்ளை குட்டிகள்?" தெரியவில்லை என்றேன். "தெரிந்துகொள்ள வேண்டாமா? அத்தனை தடவை படித்தாயே" என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஆனாலும் அது என் மனதில் தைத்துக்கொண்டது.

ஏன் அத்தையிடம் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். அத்தை வெளியூரில் ஓர் அரசு மனநல மருத்துவமனையில் இருபத்தெட்டு ஆண்டுகள் நர்ஸாக இருந்தவர். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய அந்த நாவலோடு விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். முன் அட்டை பாதி கிழிந்த பிரதி. அத்தை அப்போதுதான் ஓய்வு பெற்று வந்திருந்தார். ராத்திரியில் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு நான் அன்றன்றைக்குப் படித்ததை அவருக்குக் கதையாகச் சொல்வேன். நாவலின் பெரிய எதிரி, வார்டை இரும்புக் கையால் ஆளும் நர்ஸ் ராச்செட். ஒரு நர்ஸிடம் போய் அவளைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், இருபது வயதின் வேகம்.

மூன்றாம் நாள் அத்தை கேட்டார்: "அந்த வார்டில் நோயாளிகள் எத்தனை பேர்?" நாற்பது பேர் இருக்கலாம் என்றேன். "ராத்திரி ஷிஃப்டுக்கு எத்தனை நர்ஸ் என்று அவர் எங்கேயாவது எழுதியிருக்கிறாரா?" யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். "எழுதியிருக்க வேண்டும்" என்றார் அத்தை. "நான் தனியாக அறுபது பேரைப் பார்த்திருக்கிறேன்."

அந்த நாவலின் மேல் எனக்கு இன்றும் உள்ள முதல் வருத்தம் அந்த இரவு பிறந்ததுதான். பெண்கள் அதில் ஒன்று அதிகாரத்தின் முகமாக வருகிறார்கள், அல்லது விருந்துக்கு வருகிறார்கள். வார்டின் கறுப்பின ஊழியர்களுக்கு உள்மனம் என்று ஒன்றை அவர் கொடுக்கவே இல்லை. கேசியை நேசிப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அதே அத்தை, ஷாக் கொடுக்கும் அறையின் முன்னால் சீஃப் நிற்கும் பகுதியைச் சொன்னபோது, எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பயம் கண்ணில் இருக்காது, கண்ணு. காலில் இருக்கும். கால் கட்டைவிரலை மடக்கிக்கொள்வார்கள். நான் காலைத்தான் பிடித்துக்கொள்வேன்" என்றார். பிறகு, "இதை எழுதினவர் வார்டில் வேலை செய்திருக்கிறார். செய்யாமல் எழுத முடியாது" என்றார்.

அவர் சொன்னது சரி. கேசி 1958-இல் ஸ்டான்ஃபோர்டில் எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். பால்பண்ணைத் தொழில் குடும்பம், மல்யுத்த வீரர், ஓரிகன் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. பக்கத்திலிருந்த மென்லோ பார்க் படைவீரர் மருத்துவமனையில் எல்எஸ்டி போன்ற, மனத்தை மயக்கி மாயக் காட்சிகள் காட்டும் மருந்துகளைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள், அவரும் பெயர் கொடுத்தார். அந்தச் சோதனைகளுக்குப் பின்னால் சிஐஏவின் பணம் இருந்தது என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. பிறகு அதே மருத்துவமனையின் மனநல வார்டில் இரவு உதவியாளராகச் சேர்ந்தார். எல்லோரும் தூங்கிய பிறகு நோயாளிகளோடு பேசினார், வார்டிலேயே உட்கார்ந்து எழுதினார். நாவல் அங்கேதான் உருவானது.

எனக்கு அந்த நாவல் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தது. சீஃப் பிராம்டனின் சனங்கள் கொலம்பியா ஆற்றில் அருவி ஓரத்தில் மரப் பரண் கட்டி சால்மன் மீன் பிடித்தவர்கள். அரசாங்கம் அணை கட்டியது, அருவி மூழ்கியது, அவன் அப்பா சிறுகச் சிறுகக் குறுகிப்போனார். இது கற்பனை இல்லை. தி டேல்ஸ் அணையின் மதகுகளை 1957 மார்ச்சில் மூடியபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கள் மீன்பிடித்து வாழ்ந்த செலைலோ அருவி சில மணி நேரத்தில் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

என் அம்மாயி பிறந்த ஊரும் மேட்டூர் அணைக்குள் கிடக்கிறது. 1934-இல் அணை கட்டி முடிந்தபோது அவருக்கு ஏழெட்டு வயது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயத்தின் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். பஸ் பிடித்து ஊர்ஊராக வேடிக்கை பார்க்க வருவார்கள். அம்மாயி ஒரு முறைகூட வந்ததில்லை. "எங்கள் திண்ணையில் இப்போது கெண்டை மீன் படுத்திருக்கும்" என்று மட்டும் எப்போதாவது சொல்வார், அதுவும் சோறு போட்டுக்கொண்டே, நம் முகத்தைப் பார்க்காமல். சீஃப் தன் அப்பாவைப் பற்றிப் பேசும் பக்கங்களை நான் அம்மாயியின் குரலில்தான் வாசித்தேன். உலகத்தின் இன்னொரு கோடியில், என் ஊர்ப் பெயரைக் கேட்டே இராத ஒருவர், என் வீட்டுத் துக்கத்தை எப்படி எழுதினார் என்ற திகைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

1975-இல் வந்த சினிமா, சீஃபின் குரலைக் கதையிலிருந்து எடுத்துவிட்டது. முக்கியமான ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் வாங்கிய படம் அது. கேசி வழக்குப் போட்டார், படத்தைப் பார்க்கப்போவதில்லை என்றார். நல்ல படம்தான். ஆனாலும் ஊமையாக நடித்தவனை அது மறுபடி ஊமையாக்கிவிட்டது. அந்தக் கோபத்தில் நான் அவர் பக்கம்தான்.

இனி என் மனத்தாங்கலைச் சொல்கிறேன், ஏனென்றால் 2001-இல் அவருக்காக அழுதவர்களில் பலருக்கும் அது இருந்தது. 1964-இல் இரண்டாவது நாவல், 'சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்', வெளிவந்தது. ஓரிகன் காட்டில் மரம் வெட்டும் ஸ்டாம்பர் குடும்பம், ஊரே வேலைநிறுத்தம் செய்யும்போது பிடிவாதமாக வேலை செய்கிறது. ஒரே பத்திக்குள் மூன்று பேர் மாறி மாறி 'நான்' என்பார்கள். முதல் நூறு பக்கம் தலை சுற்றும், அதன் பிறகு அந்த ஆற்றை விட்டு வெளியே வர மனம் வராது. முதல் நாவலைவிட இதுவே பெரியது என்பது என் கட்சி. இதை எழுதி முடித்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதன் பிறகு? அடுத்த முழு நாவல் 1992-இல்தான் வந்தது.

அதற்கு நடுவில் நடந்ததுதான் உலகம் அறிந்த கேசி. 1939-ஆம் ஆண்டுப் பள்ளி பஸ் ஒன்றை வாங்கி, கைக்குக் கிடைத்த வண்ணத்தையெல்லாம் பூசி, முன்னால் 'ஃபர்தர்' என்று எழுத்துப் பிழையோடு பெயர் எழுதி, 1964 கோடையில் நண்பர்கள் பட்டாளத்தோடு கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பினார். ஓட்டியவர் நீல் காசடி, அந்தக் காலத்துக் கலக எழுத்தாளர்களின் கூட்டாளி. பிறகு எல்எஸ்டி அருந்தி ஆடிப்பாடும் 'ஆசிட் டெஸ்ட்' விருந்துகள், கஞ்சா வழக்கு, மெக்சிகோவுக்கு ஓட்டம், 1967-இல் சில மாதச் சிறை. அறுபதுகளின் கலகத் தலைமுறையே அந்த பஸ்ஸின் பின்னால் போனது என்று எழுதுவார்கள். இந்தப் பகுதியை நான் இதற்கு மேல் நீட்டப்போவதில்லை. ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அந்த மருந்துகள் எத்தனையோ பேரைக் கரை சேர்க்காமலே விட்டன என்பதும் உண்மை.

நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவியாக இருப்பதைவிட இடிதாங்கியாக இருப்பதே தனக்கு விருப்பம் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் உண்டு. இருபது வயதில் அந்த வாக்கியம் எனக்கு ஆத்திரமூட்டியது. இடிதாங்கிகள் எத்தனையோ கிடைக்கும், ஸ்டாம்பர் குடும்பத்தை எழுத இன்னொருவர் கிடைப்பாரா? இறந்த மறுநாள் வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் இதே குரல் இருந்தது. இரண்டு நாவல்கள், ஒரு பஸ், வீணாகிப்போன திறமை. இறந்தவரின் மேல் கடன் பாக்கி சொல்வது போல நாங்கள் அழுதோம். எழுதாத நாவல்களுக்காக அழுதோம், மனிதருக்காக அல்ல.

"பிள்ளை குட்டிகள்?" என்று அத்தை கேட்டாரே, அதற்கு எனக்குப் பதில் கிடைக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. கிடைத்தபோது என் மனத்தாங்கல் ஆட்டம் கண்டது.

சிறையிலிருந்து வந்தவர் ஓரிகனுக்கே திரும்பினார். யூஜீனுக்குப் பக்கத்தில் பிளசண்ட் ஹில் என்ற ஊரில் நிலம், மாடுகள். ஒரு பழைய களஞ்சியத்தையே வீடாக்கிக்கொண்டு, பள்ளிக் காலத்திலிருந்து காதலித்து மணந்த ஃபேயோடு பிள்ளைகளை வளர்த்தார். மகன்களில் ஒருவன் ஜெட். அப்பாவைப் போலவே மல்யுத்தம், அப்பா படித்த அதே ஓரிகன் பல்கலைக்கழக அணி. 1984 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் புல்மன் நகரத்துக்குப் போட்டிக்காக அணி ஒரு வேனில் போனது. இரவல் வேன், சீட் பெல்ட் இல்லை. பனி உறைந்த சாலையில் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. இரண்டு நாள் கழித்து, ஸ்போகேன் மருத்துவமனையில், ஜெட்டுக்கு மூளைச்சாவு என்று சொன்னார்கள். உறுப்புகளைத் தானம் செய்யப் பெற்றோர் சம்மதித்தார்கள். அவனுக்கு வயது இருபது.

அதன் பிறகு கேசி சில எழுத்தாள நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது அச்சிலும் வந்தது. பெட்டியைக் கடையில் வாங்கவில்லை, நண்பர்கள் சேர்ந்து தாங்களே செய்தார்கள். ஜெட்டின் கூட்டாளிகளும் அண்ணனும் குழி வெட்டினார்கள். இடம், பண்ணையில் கோழிக்கூட்டுக்கும் குளத்துக்கும் நடுவில். இந்த வரியை முதலில் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். கோழிக்கூட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் என்றால் தினமும் காலையில் தீனி போடப் போகும் வழி. மகனைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் வர வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும் கலகக்காரர் என்று அஞ்சலிக் குறிப்புகள் எழுதிய மனிதர் பதினேழு ஆண்டுகள் அந்த வழியில் நடந்தார்.

அவர் தன் மாநிலத்து செனட்டருக்கும் எழுதினார். தொலைதூர எதிரிகளிடமிருந்து நம்மைக் காக்கிறோம் என்று கோடி கோடியாகக் கொட்டுகிறார்களே, சாலையில் போகும் நம் பிள்ளைகளைக் காக்க ஒரு நல்ல வண்டிக்குப் பணம் இல்லையா என்பது அதன் சாரம். 1988-இல் பல்கலைக்கழக மல்யுத்த அணிக்கு முறையான பஸ் ஒன்று வாங்க 33,395 டாலர் கொடுத்தார்.

இந்தத் தொகையை நான் பல தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முப்பத்து மூவாயிரம் என்று முழு எண்ணாக இல்லாமல், கடைசி ஐந்து டாலர் வரை ஓர் எண். நன்கொடைக்கு யாரும் இப்படி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை. விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கை எத்தனை, பெல்ட் எத்தனை என்று கேட்டுக் கணக்குப் பார்த்த ஓர் அப்பாவை அதில் நான் பார்க்கிறேன். பார்ப்பது நானாக இருக்கலாம். ஆனால் வண்ணம் பூசிய பஸ்ஸால் பெயர் பெற்றவர், தன் வாழ்க்கையில் வாங்கிக் கொடுத்த இன்னொரு பஸ் இது என்பது உண்மை. மூன்றாவது நாவல் எங்கே என்று நான் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்தான் அவை.

2001 நவம்பருக்குத் திரும்பி வருகிறேன். சதுக்கத்திலிருந்து வில்லாமெட் தெருவில் ஒரு பிளாக் நடந்தால் மெக்டொனால்ட் தியேட்டர். அங்கேதான் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அரங்கு நிறைந்து வழிந்தது. பட்டறையில் வேலை செய்பவர்கள், பல்கலைக்கழகத்துக்காரர்கள், பழைய பஸ் கூட்டாளிகள், புத்தகத்தைத் தவிர அவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். மேடையில் அவருடைய பெட்டி. மகனுடைய பெட்டியைப் போலவே இதுவும் கடையில் வாங்கியதாகத் தெரியாதபடி, சுழன்று சுழன்று ஓடும் வண்ணங்கள் பூசிய பெட்டி. வெளியே பஸ் நின்றது. 1964-இன் மூல பஸ் அதற்குள் பண்ணையின் சதுப்பில் பாசி படர்ந்து மட்கிக்கொண்டிருந்தது. இது 1990-இல் வேறொரு பழைய பஸ்ஸுக்கு வண்ணம் பூசி உருவாக்கிய வாரிசு. பிறகு அவரைப் பண்ணைக்குக் கொண்டுபோய் ஜெட்டின் பக்கத்தில் புதைத்தார்கள்.

தியேட்டர் வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். ஏதோ இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்க நாலைந்து இளைஞர்கள் நின்றிருந்தார்கள். பிளசண்ட் ஹில் இங்கிருந்து இருபது நிமிடம்தான். போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. அது ஒரு குடும்பத்தின் வீடு. கோழிக்கூட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் இருப்பதை நான் எட்டிப் பார்க்கக் கூடாது.

திரும்பும் வழியில் சேலம்.

ஆமாம், ஓரிகனின் தலைநகரத்துக்கு அதுதான் பெயர். மேட்டூர்க்காரனான எனக்கு நெடுஞ்சாலைப் பலகையில் 'சேலம்' என்று பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ செய்யும். அங்கே இருக்கும் ஓரிகன் மாநில மருத்துவமனையில்தான் அந்த சினிமாவை எடுத்தார்கள். நிஜ வார்டிலேயே எடுத்தார்கள். மருத்துவமனையின் கண்காணிப்பாளரே படத்தில் டாக்டராக நடித்தார்.

2004-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் அந்த மருத்துவமனையைப் பார்வையிடப் போனபோது, ஒரு சேமிப்பறையில் அடுக்கடுக்காகச் செம்புக் குவளைகளைக் கண்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் சாம்பல். 1910-களிலிருந்து 1970-கள் வரை அங்கேயும் மாநிலத்தின் வேறு சில அரசு நிறுவனங்களிலும் இறந்து, வாங்கிக்கொண்டு போக யாரும் வராதவர்கள். மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். நீர் புகுந்து, செம்பு அரித்து, குவளைகளின் மேல் நீலமும் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. படங்களில் முதலில் பார்த்தபோது எனக்குக் கேசியின் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அவருடைய பெட்டிக்கு வேண்டியவர்கள் வண்ணம் தீட்டினார்கள். இவர்களுடைய குவளைக்கு ஈரம் தீட்டியிருந்தது.

கேமராவும் விளக்குமாக அந்த வளாகத்தில் சினிமா எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இவர்களும் அங்கேதான் இருந்தார்கள். கேசி தன் இருபத்தாறாவது வயதில் யாருக்காக அந்த நாவலை எழுதினாரோ, அவர்களேதான். சீஃபுக்குக் காது கேட்காது என்று நினைத்து அவன் எதிரில் பேசியவர்களைப் போல, உலகம் இவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மறந்திருந்தது.

2014-இல் மருத்துவமனை வளாகத்திலேயே நினைவிடம் அமைத்தார்கள். சாம்பலைப் பீங்கான் கலசங்களுக்கு மாற்றி ஒரு சுவரில் வைத்திருக்கிறார்கள். வெறுமையான செம்புக் குவளைகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. நான் போனபோது மாலை நான்கு மணி. நவம்பரில் அந்த நேரத்துக்கே அங்கே இருட்டத் தொடங்கிவிடும். மழை விட்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

ஊரில் அப்போது மறுநாள் விடியற்காலை ஐந்தரை. அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் போல ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். கைபேசியில் கூப்பிட்டேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். குவளைகளைப் பற்றிச் சொன்னேன். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எங்கள் ஆஸ்பத்திரியிலும் உண்டு" என்றார் பிறகு. "ரிஜிஸ்டரில் உறவினர் என்ற இடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். யாரும் வராத உடம்பு என்றால் நாங்கள் இரண்டு பேர் ட்யூட்டி முடிந்த பிறகும் வண்டி கிளம்பும் வரை நிற்போம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "அங்கே பெயர் போட்டிருக்கிறார்களா, கண்ணு?"

"போட்டிருக்கிறார்கள், அத்தை."

"எல்லாருக்குமா?"

"சுவர் முழுக்க இருக்கிறது."

"அப்படியானால் வாசி" என்றார். "வெளிச்சம் இருக்கும் வரை வாசி. நான் கேட்கிறேன்."

போனைக் காதோடு வைத்துக்கொண்டு, இடது ஓரத்தில் முதல் பெயரிலிருந்து தொடங்கினேன். சில பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை. தட்டுத்தடுமாறினால் அத்தை பொறுத்திருந்தார், ஒவ்வொரு பெயருக்கும் "ம்" என்றார். இரண்டாவது வரிசையின் நடுவில் வந்தபோது அங்கே சேவல் கூவுவது போனில் கேட்டது.